முழுக் காசும் கைக்கு வந்தால் போதும், இஎஸ்ஐ எதற்கு?

06.10.2024, ஞாயிறு மாலை. ஒரு வாசகர் கேட்டது:

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர். வயது 26. இப்போது இருக்கும் கம்பெனியில் ஷிப்டுக்கு 500. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தது போகத்தான் கைக்கு வருகிறது. பக்கத்து வீதியில் ஒரு காண்ட்ராக்டர் ஷிப்டுக்கு 560 தருகிறேன், பிடித்தம் கிடையாது, சனிக்கிழமை முழுக் காசு என்கிறார். எனக்குக் காய்ச்சல் தலைவலி என்று ஒன்று வருவதே இல்லை. வேலை செய்கிறவன் காசை எடுத்து எங்கேயோ கொண்டுபோய்ப் போடுவதுதான் இந்தப் பிடித்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. தீபாவளி போனஸ் வாங்கியதும் மாறிவிடலாம் என்று இருக்கிறேன். தப்பு என்று யாராவது சொல்வதானால் கணக்கோடு சொல்லுங்கள்.

06.10.2024, இரவு 10.40. ஒரு வாசகி எழுதிய பதில்கள்:

தம்பி, கணக்கு கேட்டீர்கள், கணக்கே சொல்கிறேன். நான் 1998-ல் ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வந்து கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, சேர்ந்தவள். இப்போது செக்கிங். இத்தனை வருடம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், மாறாதீர்கள்.

500 ரூபாய்க்கு இஎஸ்ஐ 1.75 சதவீதம். எட்டே முக்கால் ரூபாய். அதற்கு என்னென்ன கிடைக்கும் என்று நாளைக்கு எழுதுகிறேன். லோடு ஏற்றணும் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்துவிட்டார்கள், கண் சொருகுகிறது.

07.10.2024, காலை 6.15

நேற்று எழுதியது தப்பு. 1.75 என்பது பழைய கணக்கு. 2019 ஜூலை 1-லிருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. என் மகள் சம்பள ஸ்லிப்பை எடுத்துக் காட்டினாள். அப்படியானால் உங்கள் 500-க்கு இஎஸ்ஐ பிடித்தம் 3 ரூபாய் 75 காசு. எங்கள் கம்பெனி வாசலில் டீ 12 ரூபாய். மூன்று நாள் பிடித்தத்தைச் சேர்த்தாலும் ஒரு டீக்குப் பத்தாது.

உங்களுக்குக் கனமாகத் தெரிவது பிஎஃப். அது 12 சதவீதம், நாளைக்கு 60 ரூபாய். இரண்டையும் சேர்த்து "பிடித்தம்" என்று ஒரே பேராகச் சொல்வதால்தான் எல்லோரும் இஎஸ்ஐ மேல் கோபப்படுகிறோம். முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

07.10.2024, இரவு 9.50

கீழே ஒரு தங்கச்சி எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு 450 ஷிப்ட், வாரம் ஆறு நாள், 2,700. பிடித்தம் 432. "இவ்வளவு எப்படி நியாயம்?" என்று கேட்டிருக்கிறாள்.

நானும் மகளும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். 0.75-ம் 12-ம் சேர்த்து 12.75 சதவீதம். 2,700-க்கு 344 ரூபாய் 25 காசு. மிச்சம் 87 ரூபாய் 75 காசு எங்கே போனது? அது சரியாக 3.25 சதவீதம். முதலாளி கட்ட வேண்டிய இஎஸ்ஐ பங்கையும் இவள் கூலியிலேயே பிடித்திருக்கிறார்கள். தங்கச்சி, அது சட்டப்படி கூடாது. முதலாளி பங்கைத் தொழிலாளி கூலியில் பிடிக்கக் கூடாது என்று இஎஸ்ஐ சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்லிப் கேட்டு வாங்குங்கள். ஸ்லிப் தரவில்லை என்றால் சனிக்கிழமை கவரின் மேல் எழுதும் தொகையையாவது தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. பிடித்த காசு உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று நாமே பார்க்கலாம். இன்சூரன்ஸ் நம்பரைப் போட்டால் இஎஸ்ஐசி தளத்தில் எந்த மாதத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று வரும். எங்கள் கம்பெனியில் ஒருத்திக்கு 26 நாள் வேலைக்கு 11 நாள் என்று காட்டியிருந்தார்கள். அவள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டபிறகு அடுத்த மாதத்திலிருந்து சரியாக ஏறியது. பழைய நாட்கள் ஏறவில்லை.

08.10.2024, இரவு 11.20

மாறாதீர்கள் என்று நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். 2021 வரை இஎஸ்ஐ, பிஎஃப் உள்ள கம்பெனியில் 600 ரூபாய்க்கு இருந்தார். ஒரு காண்ட்ராக்ட் யூனிட்டில் 680 தருகிறோம், பிடித்தம் இல்லை என்றார்கள். உங்கள் கதையேதான் தம்பி. போனார். நானும் போகச் சொன்னேன். மகள் அப்போது பத்தாம் வகுப்பு, டியூஷன் வைக்கணும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தோம்.

2022 கார்த்திகை. ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்குக் கிளம்பி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்துகொண்டிருந்தார். மழை விட்ட நேரம். நாய் ஒன்று குறுக்கே ஓட, வண்டி சாய்ந்து, இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டது. கூட வந்தவர்கள் பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நான் போய்ச் சேரும்போது பேண்ட்டை முழங்கால் வரைக்கும் கத்தரித்திருந்தார்கள். கட்டிங் டேபிளில் துணித்தூள் ஒட்டி வருமே, அது அவர் காலில் ரத்தத்தோடு காய்ந்து நீலமாக இருந்தது. நேவி ப்ளூ லாட் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது.

பில் கவுண்டரில் முதலில் 40,000 கட்டச் சொன்னார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு எந்த அடகுக் கடை திறந்திருக்கும்? கூட வந்த பையன்கள் நாலு பேர் போனில் இருந்ததை எல்லாம் அனுப்பி 18,500 சேர்த்தார்கள். மிச்சத்துக்கு என் செயினைக் கழற்றி எங்கள் லைன் வீட்டில் குடியிருந்த ஒரு அக்காவிடம் கொடுத்து வாங்கினேன். பிளேட் வைத்து, பத்து நாள் படுக்கையில் வைத்து, எல்லாம் முடிய 1,38,000. அந்தக் காண்ட்ராக்டர் ஒரு தடவை வந்து 5,000 கொடுத்தார். அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை.

அவர் பழைய கம்பெனியிலேயே இருந்திருந்தால்? வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடக்கும் விபத்தையும் வேலையில் நடந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2010-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நேரமும் பாதையும் வேலையோடு ஒத்துப் போனால் போதும். ஆஸ்பத்திரிச் செலவு ஒரு பக்கம். வேலைக்குப் போக முடியாத நாளுக்கெல்லாம் சராசரிக் கூலியில் 90 சதவீதம் இஎஸ்ஐயில் வரும். 600-க்கு 540. வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாள் ஆகியிருக்கணும் என்ற கணக்கும் இந்த விபத்துப் பணத்துக்குக் கிடையாது. அவர் நாலு மாதம் எழுந்து நடக்கவில்லை. 120 நாளுக்கு 64,800 ரூபாய். எண்பது ரூபாய் அதிகம் என்று போன இடத்தில் அது முழுக்கப் போனது.

09.10.2024, மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன். ஒரு அண்ணா எழுதியிருக்கிறார்: "உங்களுக்கு இஎஸ்ஐ இருக்கிறதே அம்மா, உங்கள் வீட்டுக்காரர் உங்கள் குடும்பத்தில் வருவாரே, அவர் சிகிச்சையை உங்கள் நம்பரிலேயே பார்த்திருக்கலாமே?"

மணி அடித்துவிட்டது. கை ஓடவில்லை. இரவு எழுதுகிறேன்.

09.10.2024, இரவு 11.50

அந்த அண்ணா சொன்னது சரி. இன்சூரன்ஸ் உள்ளவர் பெண்ணாக இருந்தாலும் கணவர் குடும்பத்தில் சேர்த்திதான். பிள்ளைகள், வருமானம் இல்லாத தாய் தகப்பன் எல்லாரும் உண்டு. பல வருடமாக என் கூலியில் பிடிக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு, மகளுக்கு வந்தால் மகளுக்கு. அவருக்கும் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் நினைக்கவில்லை. குடும்பம் என்றால் ஆண் பேரில் எழுதி, பொம்பளையும் பிள்ளையும் அதில் வருவார்கள் என்றே இரண்டு பேரும் இருந்துவிட்டோம்.

வேலைக்குப் போகாத நாளுக்கு வரும் 540 மட்டும் அவர் பேரில் இருந்தால்தான் கிடைக்கும், என் நம்பரில் வராது. ஆனால் சிகிச்சை வந்திருக்கும். 1,38,000.

இன்றைக்கு அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்த அட்டை எங்கே இருக்கு?" என்றார்.

13.10.2024, ஞாயிறு

அட்டை கிடைத்தது. பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. இஎஸ்ஐயில் பெஹ்சான் என்ற அடையாள அட்டை இரண்டு கொடுத்தார்களே, ஒன்று நமக்கு, ஒன்று குடும்பத்துக்கு. குடும்ப அட்டையில் நானும் மகளும் மட்டும். மகள் இரட்டைச் சடையில், யூனிஃபார்மில். படம் எடுக்கப் போன அன்றைக்கு அவருக்கு லோடு இருந்தது, அப்புறம் ஒரு நாள் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அந்த அப்புறம் வரவே இல்லை.

தயவுசெய்து எல்லாரும் இன்றைக்கே உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் விட்டுப் போயிருக்கிறது என்று பாருங்கள். முக்கியமாகப் பெண்கள். வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கிறவராக, ஆட்டோ ஓட்டுகிறவராக, கைக்காசுக்கு வேலை செய்கிறவராக இருந்தால் உங்கள் அட்டைதான் அவருக்கும் அட்டை.

14.10.2024

முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம் வரைக்கும் பார்க்கலாமே, இஎஸ்ஐ எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல திட்டம், இல்லை என்று சொல்லவே மாட்டேன். எங்கள் ஊரில் என் அண்ணிக்கு இருதய ஆபரேஷன் அதில்தான் நடந்தது. ஆனால் அதற்கு வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும். மாதம் 10,000. இந்தத் தம்பி 500 ஷிப்டில் 26 நாள் போனாலே 13,000, வருடத்துக்கு 1,56,000 ஆகிவிடும். அப்படியே அட்டை வாங்கினாலும் அது ஆஸ்பத்திரிக்கு மட்டும். படுத்திருக்கும் நாளுக்குக் கூலி தராது. தினமும் போடும் சுகர் மாத்திரைக்கும் அது கிடையாது.

20.10.2024, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏழாம் தேதி நான் 3.75, ஒரு டீ என்று எழுதியது நியாயமான கணக்கு இல்லை. தம்பியின் பக்கத்திலிருந்து நான் பார்க்கவில்லை.

இப்போது அவர் கைக்கு வருவது 500-ல் 63.75 போக 436 ரூபாய் 25 காசு. அங்கே 560. ஒரு நாளைக்கு 123 ரூபாய் 75 காசு வித்தியாசம். 26 நாளைக்கு 3,217 ரூபாய் 50 காசு. எனக்கு மாதம் 3,200 அதிகமாக வந்தால் நான் என்ன செய்வேன்? எங்கள் வீட்டுக் கணக்கை எழுதுகிறேன், பாருங்கள்.

வாடகை 4,500. நான் வந்த புதிதில் இதே மாதிரி ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு 400 ரூபாய். கரண்ட்டுக்கு வீட்டு ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். லைனில் ஆறு வீட்டுக்கும் அவரே சப் மீட்டர் வைத்திருக்கிறார். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு தருவது எங்கள் கதவு வரைக்கும் வருவதில்லை. சிலிண்டர் எண்ணூற்றுச் சொச்சம். ரேஷன் அரிசி இருப்பதால் சோற்றுக்குக் கவலை இல்லை, அதை வாய் நிறையச் சொல்வேன். டவுன் பஸ்ஸும் எனக்கு இலவசம். மகளுக்குப் புதுமைப்பெண் ஆயிரம் வருகிறது, அது அவள் புத்தகத்துக்கும் ரீசார்ஜுக்கும் போய்விடும். அப்புறம் குழு லோன். காலுக்கு வாங்கியது ஒன்று, அதை அடைக்க வாங்கியது ஒன்று. வாரம் 1,150. புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் குழுத் தலைவி வீட்டுத் திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கணும். ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து போட்டுக் கட்டினால்தான் வேலைக்குப் போகவே விடுவார்கள்.

கூலி ஏறவில்லையா என்றால் ஏறியது. 2021-ல் போட்ட ஒப்பந்தத்தில் நாலு வருடத்துக்கு 32 சதவீதம். முதல் வருடம் 19, அப்புறம் 5, 4, 4. அந்த 4 சதவீதம் 480 ரூபாய்க்காரருக்கு 19 ரூபாய். ஒரு லிட்டர் பாலுக்கும் வராது. காண்ட்ராக்ட் யூனிட் பலவற்றில் அந்தப் 19-ம் கிடையாது.

இப்படி இருக்கிற வீட்டில் 3,200 என்பது ஆசை இல்லை தம்பி, மூச்சு. அதை நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. உங்களுக்கு அறிவுரை சொல்கிற அவசரத்தில் நான் அதை விட்டுவிட்டேன்.

சரி, ஆனாலும் இன்னொரு கணக்கையும் பாருங்கள். காண்ட்ராக்டர் அந்த 60 ரூபாயை எங்கிருந்து தருகிறார்? உங்களுக்கு முறைப்படி கட்டினால் அவர் பங்கு பிஎஃப் 12, அதோடு பிஎஃப் காப்பீட்டுக்கு அரை, நிர்வாகத்துக்கு அரை, இஎஸ்ஐ 3.25. மொத்தம் 16.25 சதவீதம். 500-க்கு 81 ரூபாய் 25 காசு. அதில் 60-ஐ உங்கள் கையில் கொடுத்துவிட்டு 21.25-ஐ அவர் வைத்துக்கொள்கிறார். ஐம்பது பேர் வேலை செய்தால் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் அவருக்கு மிச்சம். மீதி 63.75 உங்கள் சொந்தக் காசு, அதில் 60 உங்கள் பேரில் பிஎஃப்பில் வட்டியோடு கிடக்க வேண்டியது. போன நிதியாண்டுக்கு வட்டி 8.25 சதவீதம். பிஎஃப் உள்ளவர் வேலையில் இருக்கும்போது இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. அந்த அரை சதவீதம் அதற்குத்தான். இது எனக்கும் இந்த வாரம்தான் தெரியும்.

காண்ட்ராக்டரின் கணக்கைப் போட்டுப் பார்த்தபிறகு எனக்கு இந்தத் தம்பி மேல் கோபம் போய்விட்டது. கூலி கட்டுப்படியாக இருந்தால் யார் இதை வேண்டாம் என்பார்கள்?

21.10.2024

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். "வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்துவிடலாமா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முடியாது. பத்துப் பேர் வேலை செய்கிற கம்பெனியில் 21,000-க்குள் கூலி வாங்குகிறவர் எல்லாரும் இஎஸ்ஐயில் வந்தே ஆகணும். நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது. காண்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் வேலை கொடுத்த கம்பெனிதான் முதலில் கட்டணும், அப்புறம் காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். முதலாளி கட்டாமல் விட்டதால் நமக்குச் சேர வேண்டியது நின்றுபோனால் அதை இஎஸ்ஐ கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு நாம் அங்கே வேலை செய்தோம் என்று காட்டணும். அதனால்தான் கவர், நோட்டு, தேதி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

23.10.2024

எங்கள் கம்பெனியில் பேட்லாக் மெஷினில் தைக்கும் பெண் பிரசவம் முடிந்து இன்றைக்கு வேலைக்கு வந்தாள். அவளுக்கு 450 ஷிப்ட். 26 வாரம், முழுக் கூலி, 182 நாளுக்கு 81,900 அவள் பேங்க் கணக்கில் ஏறியிருக்கிறது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில், அதாவது ஆறு ஆறு மாதமாகப் பிரித்த இரண்டு காலத்தில், 70 நாள் கட்டியிருந்தால் போதும். பாப்பாவை அவள் அம்மா பார்த்துக்கொள்கிறாள். மதியம் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்தப் பணமும் இல்லாமல் இருந்திருந்தால் நாற்பதாம் நாளே வந்திருப்பாள். 2005-ல் நான் அப்படித்தான் வந்தேன்.

27.10.2024, ஞாயிறு

ஒன்றரை ஷிப்ட் போட்டால் எனக்கு மாதம் 21,000 தாண்டிவிடுகிறது, அதனால் இஎஸ்ஐ கிடையாது என்று கம்பெனியில் சொல்கிறார்கள் என்று ஒரு டெய்லர் எழுதியிருக்கிறார். அண்ணா, இது நிறைய இடத்தில் சொல்வதுதான், தப்பு. 21,000-க்குள்ளா இல்லையா என்று பார்க்கும்போது ஓவர்டைம் கூலியைச் சேர்க்கக் கூடாது. சேர்ந்தபிறகு பங்குத் தொகை பிடிக்கும்போதுதான் ஓவர்டைமையும் சேர்ப்பார்கள். உங்கள் எட்டு மணி நேரக் கூலி 26 நாளைக்கு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

அந்த 21,000 பற்றியே எனக்கு வருத்தம் உண்டு. 2017 ஜனவரியில் வைத்தது, இன்றைக்கும் அதேதான். எங்கள் லைனில் குடியிருக்கும் ஒரு அக்கா குவாலிட்டி சூப்பர்வைசர். 20,600-லிருந்து 21,400 ஆக்கினார்கள். இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். அவள் அம்மாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ், இஎஸ்ஐயில் ஓடிக்கொண்டிருந்தது. 800 ரூபாய் ஏறியதில் அது போய்விடும் என்று தெரிந்த அன்றைக்கு ஆபீசில் போய்ச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று நின்றாள். ஆபீஸ் பையன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

நடுவில் சம்பளம் ஏறினால் உடனே வெளியே போடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு காலம். அந்தக் காலம் முடியும் வரைக்கும் பிடிப்பார்கள், அதற்குரிய பலனும் உண்டு. அதற்கப்புறம்தான் கதவு மூடும்.

03.11.2024, ஞாயிறு

தீபாவளி முடிந்தது. தம்பி எழுதியிருக்கிறார்: போனஸ் வாங்கிவிட்டார், இந்த வாரம் முடிவு எடுக்கணும். அவருக்கு இதையும் சொல்லியாகணும், மறைத்தால் நான் கணக்குச் சொன்னதாக ஆகாது.

நீங்கள் போன ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்கு மேல் கட்டியிருப்பீர்கள். அதற்கான பலன் வரும் ஜனவரி முதல் ஜூன் வரை. ஆகவே இந்த வாரமே விலகினாலும் 2025 ஜூன் 30 வரைக்கும் உங்களுக்குச் சிகிச்சை உண்டு. விலகியவுடன் நடுத்தெருவில் நிற்பீர்கள் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் அக்டோபரிலிருந்து இப்போது வரை முப்பது நாள் கூட இல்லை. 78 ஆகாது. ஜூலை 1-லிருந்து ஒன்றும் இருக்காது. அதே மார்ச் வரை இருந்தால் டிசம்பர் வரைக்கும் நீளும். உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போக முடியவில்லை என்றால் 70 சதவீதக் கூலி, வருடத்தில் 91 நாள் வரை, அதற்கும் இதே 78 நாள் கணக்குதான்.

17.11.2024, ஞாயிறு

"இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய் நின்று பாருங்கள், அப்புறம் பேசுங்கள்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நின்றிருக்கிறேன் அண்ணா. காலை எட்டரைக்குப் போனால் சீட்டு வாங்கி, டாக்டர் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வரும்போது பன்னிரண்டு. அரை ஷிப்ட் போய்விடும். எனக்கு அது 215 ரூபாய். மெடிக்கலில் போய்க் காய்ச்சல் மாத்திரை கேட்டால் 40 ரூபாயில் முடிகிறது. அதனால் மெடிக்கலுக்குப் போகிறோம். மூன்று மாதம் அப்படி மெடிக்கல் மாத்திரையிலேயே ஓட்டி, அது காசநோய் என்று கடைசியில் தெரிந்த பையன் ஒருவன் எங்கள் கம்பெனியில் இருந்தான். ஒடிசாக்காரன், அயர்ன் வேலை. அவனுக்கு இஎஸ்ஐ நம்பர் இருந்தது. இந்தியா முழுக்கச் செல்லும், ஊருக்குப் போய்க்கூடப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அப்புறம் சொன்னோம், போனான்.

பெரிய வைத்தியம் என்றால் முன்பெல்லாம் கோயம்புத்தூர் சிங்காநல்லூருக்குத்தான் போகணும். 1955-ல் நம் மாநிலத்தில் இஎஸ்ஐ முதலில் வந்ததே கோயம்புத்தூருக்குத்தான், மில் இருந்த ஊர். லட்சக்கணக்கில் பனியன் தொழிலாளி இருக்கிற திருப்பூருக்கு 100 படுக்கை ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். நான் சிங்காநல்லூர் போய்வந்த நாளில் பஸ்ஸுக்கே தனியாக எடுத்து வைப்பேன், வெளியூர் பஸ்ஸில் இலவசம் கிடையாது. உள்ளூரில் வந்தது பெரிய விஷயம். டிஸ்பென்சரியை இரவு எட்டு மணிக்கு மேலும், ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்தால் பாதிப் பேர் மெடிக்கலுக்குப் போக மாட்டார்கள். எட்டரைக்கு ஷிப்ட் விடுகிற ஊருக்கு அதுதானே நேரம்?

15.12.2024, ஞாயிறு

தம்பியின் பதில் இன்றைக்குத்தான் பார்த்தேன். மார்ச் வரைக்கும் இருக்கிற இடத்திலேயே இருக்கிறாராம். காண்ட்ராக்டரிடம் போய், "இஎஸ்ஐ மட்டும் கட்டுங்கள், ஷிப்டுக்கு 540 போதும்" என்று கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். இப்படி ஒருவர் கேட்டார் என்று இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். தம்பி, தனியாகக் கேட்காதீர்கள், அங்கே வேலை செய்கிற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு கேளுங்கள்.

பிஎஃப் பற்றி அவர் திரும்பக் கேட்டிருக்கிறார், பென்ஷன் எவ்வளவு வரும் என்று. குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000. 2014-ல் வைத்தது. அதை வைத்து என்னால் அவருக்குத் தெம்பு சொல்ல முடியவில்லை.

எங்கள் வீட்டில்: போன வாரம் அரை ஷிப்ட் லீவு போட்டு இரண்டு பேரும் போனோம். ஆதார் நகல், படம், விண்ணப்பம். அவர் வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். மழை நாளில் இன்னும் கால் இழுக்கிறது, படிக்கட்டில் கையைப் பிடித்துக்கொண்டார். கவுண்டரில் இருந்தவர் என் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "2011-ல் இருந்தே சேர்த்திருக்கலாமே அம்மா" என்றார். ஆமாங்க என்றேன். பெயர் ஏறிவிட்டது. பிளேட்டை எடுக்கணும் என்று டாக்டர் ஒரு வருடமாகச் சொல்கிறார், காசு இல்லாமல் தள்ளிக்கொண்டிருந்தோம். தை பிறந்ததும் அதை இஎஸ்ஐயில் கேட்கப் போகிறோம். என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுகிறேன்.